இருசும் ஷாஃப்ட்டும்

எருத்தேன்பதியும் நெல்லியாம்பதியும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்துக்குள்தான் வருகின்றன. முன்னது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தென்னந்தோப்புச் சமவெளி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலை பெரிதாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பின்னது போத்துண்டி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் தோட்ட மலை. இன்னும் தெற்கே இடுக்கி எல்லையில் கேட்கவே வேண்டாம்: போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமாக ஒரு ஜீப் தடம். இந்த இரண்டு வகை நிலத்துக்கும் நெடுங்காலமாக ஒரே வண்டிதான் உழைத்தது. வில்லிஸ் வம்சத்து ஜீப்பும், அதன் பின்பக்கத்தைத் திறந்த தட்டாக்கிய பிக்கப்பும். அந்தப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவருக்கு, எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் அடுத்து வந்து நிற்கும் கேள்வி பின் அச்சு. ‘ஆக்சிலை மாத்திட்டா எண்பதுல பறக்கும்’ என்று யோசனை சொல்ல ஆள் கிடைப்பது சுலபம். அந்த யோசனை தலைகீழானது என்பதே இங்கே என் வாதம். இந்த மாதிரி வண்டிக்குப் பின் அச்சை வேகத்துக்காக மாற்றக் கூடாது. பாரத்துக்காக மாற்றுவதில் நியாயம் உண்டு, அதுவும் சில நிபந்தனைகளோடு.

இதைப் புரிந்துகொள்ள மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவதே நேர்வழி. பார வண்டியின் இருசு சுழல்வதில்லை. வண்டியோடு கட்டப்பட்டு அசையாமல் கிடக்கிறது. சக்கரத்தின் குடம் அதன் மேல் சுழல்கிறது, கழன்று போகாமல் கடையாணி காக்கிறது. இழுப்பது மாடு; இருசின் வேலை சுமப்பது மட்டும். இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுழல்வதால் திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதும் ஒரு சிக்கலே இல்லை. மோட்டார் வண்டியில்தான் இழுக்கும் வேலையும் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது. எஞ்சினின் திருப்பு விசை புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக வந்து, பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் நுழைந்து, கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்பி, திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக இரண்டு பக்க ஷாஃப்ட்டுகளுக்கும் பிரிகிறது. ஆக, வண்டியைச் சுமப்பது, சக்கரத்தைத் திருப்புவது என்று இரண்டு வேலைகள். இந்த இரண்டையும் ஒரே இரும்பிடம் கொடுப்பதா, தனித்தனியாகப் பிரிப்பதா என்பதில்தான் அச்சுகள் இரண்டு சாதியாகின்றன.

பிரித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஃபுல் ஃப்ளோட்டிங். வெளியே இருக்கும் ஹவுசிங் குழாயின் முனையில் இரண்டு பேரிங்குகளின் மேல் ஹப் உட்கார்ந்து சுழல்கிறது. அதாவது குழாய்தான் இருசு. உள்ளே இருக்கும் ஷாஃப்ட் எடையைத் தொடுவதே இல்லை, திருப்புகிறது, அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றாமலே, ஜாக்கி போடாமலே, முனையிலுள்ள போல்ட்டுகளை எடுத்து ஷாஃப்ட்டை வெளியே உருவிவிடலாம். லாரிகளின் பின் சக்கர நடுவில் போல்ட்டுகளோடு துருத்திக்கொண்டு நிற்கும் அந்த வட்டத் தலை இதன் அடையாளம். செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட்டின் முனையிலேயே சக்கரம் மாட்டப்படுகிறது; திருப்புவதும் அதுதான், சுமப்பதும் அதுதான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி ஜீப்பின் பின் அச்சு ஃபுல் ஃப்ளோட்டிங். போர் முடியும் தறுவாயில், 1945-ல், பொதுமக்களுக்காக வந்த சி.ஜே-2ஏ-யின் முதல் வண்டிகளிலும் அதுவே இருந்தது. ஆனால் சீக்கிரமே கம்பெனி செமி ஃப்ளோட்டிங்குக்கு மாறிவிட்டது. 1953-ல் வந்த சி.ஜே-3பி அந்த வழியில் பிறந்தது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1968-ல் நின்றது. இந்தியாவில் மஹிந்திரா அந்த ரகத்தைப் பிறகும் பல்லாண்டு கட்டிக்கொண்டிருந்தது. நம் மலைகளில் பார்க்கும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கிளை.

செமி ஃப்ளோட்டிங் தன்னளவில் மோசமான அமைப்பு அல்ல. எடை குறைவு, செலவு குறைவு, பாகங்கள் குறைவு. நான்கு பேர் போகிற வண்டிக்கு அதுவே போதும். சிக்கல் பிக்கப்பில் வருகிறது. சுமை முழுவதும் பின்பக்கத் தட்டில் ஏறுகிறது, அந்தச் சுமையைச் சுழலும் ஒரு ஷாஃப்ட் தாங்குகிறது. இந்தச் ‘சுழலும்’ என்ற சொல்லில்தான் முழு அறிவியலும் ஒளிந்திருக்கிறது. எடையால் லேசாக வளைந்த ஒரு தண்டின் மேல்பக்கம் ஒரு விதமாகவும் கீழ்ப்பக்கம் அதற்கு நேர்மாறாகவும் இருக்கும். ஒரு பக்கம் நீள இழுபடும், மறுபக்கம் நசுங்கும். அசையாத இருசில் இழுபடும் பக்கம் இழுபட்டபடியே, நசுங்கும் பக்கம் நசுங்கியபடியே இருந்துவிடும். சுழலும் தண்டிலோ அரைச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டும் இடம் மாறுகின்றன. தகரத்தை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது போல, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். சி.ஜே-யின் 6.00-16 டயருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 2.27 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 440 சுற்று. தினம் 100 கிலோமீட்டர் வீதம் வருடத்தில் 300 நாள் ஓடினால், அந்த ஷாஃப்ட் ஒரே வருடத்தில் 1.3 கோடி முறை முன்னும் பின்னும் வளைக்கப்படுகிறது.

உலோகச் சோர்வு என்ற துறை வேர்பிடித்ததில் அச்சு முறிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1842 மே 8-ஆம் தேதி பாரிசுக்கு அருகே மெதோன் என்ற இடத்தில், வெர்சாயிலிருந்து திரும்பிய ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்து பெட்டிகள் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், முறிந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்து, தண்டின் விட்டம் சட்டென்று மாறும் கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்குகிறது என்று காட்டினார். அங்கே மூலையை வளைவாகக் கடைந்தால் ஆயுள் கூடும் என்றார். பிறகு பிரஷ்ய ரயில்வேயில் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் தண்டுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவைப்படும் விசையைவிட வெகு குறைந்த விசைகூட, இலட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்பது அவர் நிறுவியது. செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்ட்டை வைத்துக்கொண்டு பாரம் ஏற்றுகிறவர் வோலரின் சோதனை இயந்திரத்தைத்தான் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பழைய சி.ஜே-யில் ஷாஃப்ட்டின் முனை கூம்பாகக் கடையப்பட்டு, அதில் ஹப்பைப் பூட்டும் சாவி உட்கார ஒரு பள்ளமும் வெட்டப்பட்டிருக்கும். ராங்கின் எச்சரித்த கூர்மையான மூலைகளில் ஒன்று அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது.

மலைச்சாலை இதை இன்னும் கெடுக்கும், காரணம் ஏற்றம் அல்ல, வளைவு. நேராக ஓடும்போது ஷாஃப்ட்டை வளைப்பது சக்கரத்தின் மீதுள்ள எடை. அதற்குக் கிடைக்கும் நெம்புகோல், சக்கர மையத்துக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள சில சென்டிமீட்டர்தான். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். வளைவில் திரும்பும்போது டயரின் அடியில் சாலை பக்கவாட்டாகத் தள்ளுகிறது. அந்த விசைக்கு நெம்புகோல் சக்கரத்தின் ஆரம் முழுவதும், ஏறத்தாழ 36 சென்டிமீட்டர். எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தாலே, அது ஷாஃப்ட்டை வளைப்பது எடை வளைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். வெளிச்சக்கரத்தில் இரண்டும் ஓரளவு எதிரெதிராக வேலை செய்யும். உள்சக்கரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இடம், வலம் என்று மாறி மாறி வரும் 17 வளைவுகளில் இரண்டு பக்க ஷாஃப்ட்டுக்கும் முறை வைத்து அடி விழுகிறது.

முறிந்தால் என்ன ஆகும்? இங்கேதான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு என் வாதம் உறுதியாகிறது என்று நினைக்கிறேன். செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்ட் பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒன்றாகக் கழன்று போகும். டிரம் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்தால், லைனர்களைத் தடுக்கச் சுவர் இல்லாமல் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும், ஆயில் கொட்டிவிடும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று என்பதால் மிதி முழுக்கக் கீழே போய்விடும். சரி, ஹேண்ட் பிரேக்? வில்லிஸ் வம்சத்தில் அது சக்கரத்தில் இல்லை, விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் தலையில் இருக்கிறது. அதைப் பிடித்தால் புரொப்பல்லர் நிற்கும், ஆனால் ஒரு பக்க ஷாஃப்ட் முறிந்த பிறகு டிஃபரன்ஷியல் அந்தப் பக்கமாக வெறுமனே சுற்றிக்கொடுத்துவிடும், முழுசாக இருக்கும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தாது. கியரில் போட்டு எஞ்சினால் பிடிக்கலாமா என்றால், முன் சக்கர இயக்கம் போடாத வண்டியில் அதே டிஃபரன்ஷியல் அதையும் வீணாக்கும். ஒரே ஒரு தண்டு முறிந்ததற்கு ஒரு சக்கரமும் மூன்று வகைப் பிரேக்கும் சேர்ந்து போகின்றன. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் இதே முறிவு நடந்தால் இழுவையும் ஹேண்ட் பிரேக்கும் போகும்; சக்கரமும் டிரம்மும் இருந்த இடத்தில் இருக்கும், கால் பிரேக் பிடிக்கும். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கலாம்.

இப்போது வேகத்துக்கு வருவோம். சி.ஜே-3பி-யின் அச்சு விகிதம் 5.38, பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, புரொப்பல்லர் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது 440 சக்கரச் சுற்று. டாப் கியரில் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,370 சுற்று வேலை. இதையே 4.27 விகித அச்சு 1,880 ஆக்கும், 3.73 விகித அச்சு 1,640 ஆக்கும். வேலந்தாவளம் சாலையில் எஞ்சின் அலறாமல் ஓடும், எரிபொருளும் மிஞ்சும். ஆனால் அந்த 5.38 யாரோ கவனக்குறைவாக வைத்த எண் அல்ல. மூன்று வேக கியர்பாக்ஸின் முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46, அச்சு 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சினின் திருப்பு விசை உராய்வு இழப்பு போக 37 மடங்காகிச் சக்கரத்தை அடைகிறது. அச்சை 3.73 ஆக்கினால் இந்தப் பெருக்கம் 26-க்குக் கீழே வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான வலிமை ஒரே நாளில் காணாமல் போகிறது. கொழுக்குமலைத் தடத்தில் அதை ஈடுகட்டுவது கிளட்ச். ஈடுகட்டி ஈடுகட்டித் தேய்வதும் அதுதான்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு டன் எடையுள்ள பிக்கப் போடிமெட்டிலிருந்து போடிக்கு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், எங்காவது போக்கியாக வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 2 கோடி ஜூல். 67 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு எஞ்சினுக்குப் போகுமா, டிரம்முக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பதில் அச்சு விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே கியரில், ஒரே வேகத்தில் 5.38 அச்சு எஞ்சினை 3.73 அச்சைவிட 1.44 மடங்கு வேகமாகச் சுழற்றுகிறது. எஞ்சின் எதிர்த்து நிற்பதும் அதே மடங்கில் பெருகிச் சக்கரத்துக்கு வருகிறது. இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: ‘ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போகிறது.’ குறைக்க இன்னொரு கியர் இருக்கும்வரை சரி. மூன்று கியர் வண்டியில் இரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே பெரிய இடைவெளி. ஒன்றில் வண்டி ஊர்கிறது, இரண்டில் ஓடுகிறது, நடுவே எதுவும் இல்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தியாவில் எத்தனையோ பழைய பெட்ரோல் ஜீப்புகள் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. பழைய டீசல்கள் அதிகச் சுற்றுக்குப் பிறந்தவை அல்ல, திருப்பு விசையும் கீழேயே கிடைக்கிறது, அவற்றுக்கு 5.38 உண்மையிலேயே அதிகம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோய்க்கு மருந்து அச்சில் இல்லை, கியர்பாக்ஸில் இருக்கிறது. ஓவர்டிரைவ் கொண்ட ஐந்து வேக கியர்பாக்ஸ் வைத்தால் டாப்பில் எஞ்சின் சுற்று குறையும், முதல் கியரின் மலை வலிமையும் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் வார்ன் நிறுவனம் இதே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு ஓவர்டிரைவ் விற்றதும் இந்தக் கணக்கில்தான்: சமவெளியில் போட்டுக்கொள், மலையில் எடுத்துவிடு. அச்சு விகிதத்தை அப்படிப் போட்டு எடுக்க முடியாது. சமவெளிக்கு வைத்ததை மலைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பின் அச்சை மட்டும் மாற்றுகிறவர்கள் விழும் குழி வேறொன்று. நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் புரொப்பல்லரையும் பின் புரொப்பல்லரையும் பூட்டி ஒரே வேகத்தில் சுழற்றுகிறது. பின்னால் 4.27, முன்னால் பழைய 5.38 என்று இருந்தால், ஒரு கிலோமீட்டர் போக முன் புரொப்பல்லர் 2,370 சுற்றும் பின் புரொப்பல்லர் 1,880 சுற்றும் கேட்கும். இரண்டும் பூட்டிய நிலையில் அது நடக்காது. டயர் இழுபட வேண்டும், இல்லையென்றால் புரொப்பல்லர் முனையிலுள்ள கிராஸ் பேரிங்கோ கியரோ உடைய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் வண்டி தேன் மாதிரி ஓடும். முதல் மழையில், முதல் சேற்று ஏற்றத்தில் லீவரைத் தள்ளும்போதுதான் தெரியும். அந்த வம்சத்தில் முன் இயக்கத்தைப் போட்டால்தான் லோ விழும் என்பதால், லோவும் கூடவே போயிற்று. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், 5.38-க்கு அளந்த மீட்டர் 4.27 அச்சில் 60 காட்டும்போது வண்டி 75-ஐத் தாண்டியிருக்கும்.

ஆகவே ஒரு வண்டி பாரத்துக்கென்றே உழைக்கப் போகிறது, அதற்கு ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சு வேண்டும் என்று முடிவானால், விகிதம் முன் அச்சோடு ஒத்துப்போக வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இரண்டாவது, இடம். வில்லிஸ் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவிலிருந்து விலகி வலப்பக்கமாக விசையைத் தருவதால், பின் அச்சின் டிஃபரன்ஷியல் உருண்டையும் வலப்பக்கம் ஒதுங்கியே இருக்கும். வேறு வண்டியின் அச்சில் உருண்டை நடுவில் இருந்தால் புரொப்பல்லர் மேலும் கீழும் சாய்வது போதாதென்று பக்கவாட்டிலும் சாயும். கிராஸ் பேரிங் இணைப்பு, சாய்வு கூடக் கூட ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்திப் பிந்திச் சுழலும். பத்து டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், இருபது டிகிரியில் ஆறு சதவீதம். இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று சரிசெய்துகொள்ளும். அதனால் ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் தகடுகளை ஹவுசிங்கில் வெல்டிங் வைக்கும் முன் பினியனின் கோணத்தை அளந்தாக வேண்டும். கண் மட்டத்தில் ‘சரியா இருக்கு’ என்று பற்றவைத்தால் வண்டி வாழ்நாள் முழுக்க முனகும். வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டு வளைந்துபோவது இன்னொரு தொல்லை. விட்டு விட்டு, பக்கம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

கிரவுன்–பினியன் செட்டை மட்டும் மாற்றுவதானாலும் அவசரம் ஆகாது. பல்லின் மேல் நீலப் பெயின்ட்டைத் தடவி, கையால் சுற்றிப் பார்த்தால், பினியன் தொட்ட இடம் பளிச்சென்று துடைத்துக் காட்டும். அந்தத் தழும்பு பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் நுனியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. ஒரு காகிதத் தடிமனுள்ள ஷிம்மை வைத்தும் எடுத்தும், மறுபடி பூசிச் சுற்றிப் பார்த்து, அரை நாள் போனாலும் அந்த அரை நாள் வீண் இல்லை. சின்ன விஷயம் ஒன்றும் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்: பழைய ஜீப்பின் சக்கரம் ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். கனமான வண்டியின் அச்சில் போல்ட் எண்ணிக்கையே வேறாக இருக்கலாம். அப்போது ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் முக்கியமான தீர்ப்பு கேரள வழக்கொன்றில் வந்தது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்ற அமர்வின் முடிவை ரத்துசெய்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வண்டிகளுக்கான விதிகளோ, 50 வயது கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனிப் பதிவு எண் தருகின்றன. வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. வணிகத்துக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. பின் அச்சு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வராவிட்டாலும், கோணம் பார்த்து வெல்டிங் வைத்த அந்நிய அச்சு மூல வடிவம் என்று வாதாடுவது கடினம். இது என் வாதத்தையும் இறுக்குகிறது. கண்காட்சிக்கு வைக்கும் வண்டிக்குப் பாரமே இல்லை, அதற்குப் பழைய அச்சே போதும். உழைக்கும் வண்டிக்கு மாற்றம் தேவைப்படலாம், அதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு மனு தேவை.

கடைசியாக, அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு: ‘அறுபது வருஷமா முறியாதது இனிமேலா முறியப்போகுது?’ வோலர் கண்டதை வைத்துப் பார்த்தால் இது ஆறுதல் அல்ல. சோர்வு என்பது செலவழிந்துகொண்டே வரும் கணக்கு. அறுபது வருடம் தாங்கியது என்றால் அறுபது வருடக் கையிருப்பு தீர்ந்திருக்கிறது. அதே சமயம், ஷாஃப்ட் வெளியே தெரியாமல் விரிசல் விடும் என்றாலும், பார்க்கவே முடியாத விரிசல் இல்லை. ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் அச்சுகளுக்குச் செய்த ஒரு சோதனை இதற்குப் போதும், செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஷாஃப்ட்டை உருவி, கிரீஸ் போகக் கழுவி, கூம்பையும் சாவிப் பள்ளத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவிட வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டித் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாகப் பூசி உலரவிட வேண்டும். ஷாஃப்ட் நன்றாக இருந்தால் பூச்சு வெள்ளையாகவே காயும். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் சிறிது நேரத்தில் வெளியே கசிந்து, சாவிப் பள்ளத்தின் மூலையிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடாக அந்த வெள்ளையின் மேல் ஊறி நிற்கும்.